பேறுகால வெந்நீர்

திக்லிபூர் வடக்கு அந்தமானில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் காடும் சேடில் பீக் மலையும். மலையின் உயரம் 732 மீட்டர். அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. 1950-களில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களை அரசு இங்கே குடியமர்த்தியது. அவர்களோடு ராஞ்சிப் பக்கத்து மக்களும் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் இன்று வாழ்கிறார்கள்.

ஊருக்கு அருகில் காளிப்பூர் கடற்கரை. அங்கே கடலாமைகள் இரவில் கரையேறி வரும். மணலில் குழி தோண்டி முட்டையிடும். குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். கோழியைப் போல ஆமை அடைகாப்பதில்லை. மணலின் சூடுதான் அடைகாக்கிறது. மணலின் சூடு ஏறக்குறைய 29 டிகிரிக்கு மேலே போனால் பெண் குஞ்சுகள் அதிகம் பிறக்கும். அதற்குக் கீழே இருந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். மணல் அளவுக்கு மீறிச் சுட்டால் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துபோகும். இரண்டு மூன்று டிகிரியில் இத்தனை வேறுபாடு.

மனிதக் குழந்தைக்கும் சூட்டில் இப்படி ஓர் அளவு உண்டு. வயிற்றில் இருக்கும்போதும் உண்டு. பிறக்கும் நேரத்திலும் உண்டு. பிறந்த பிறகும் உண்டு. பேறுகாலத்தில் வெந்நீர் இல்லாத வீடு கிடையாது. ஆனால் அந்த வெந்நீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. கை வைத்துப் பார்ப்பதோடு சரி.

முதலில் டிகிரி என்றால் என்ன என்று பார்ப்போம். பனிக்கட்டி உருகும் சூடு 0 டிகிரி. தண்ணீர் கொதிக்கும் சூடு 100 டிகிரி. நல்ல உடல்நிலையில் உள்ள மனிதரின் உடம்புச் சூடு சுமார் 37 டிகிரி. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் சிலவற்றில் இதையே 98.6 என்று குறித்திருப்பார்கள். அது வேறு அளவுமுறை. சூடு ஒன்றுதான். இந்தக் கட்டுரையில் 37 என்ற எண் அடிக்கடி வரும்.

வயிற்றுக்குள் என்ன சூடு?

கருவில் இருக்கும் குழந்தை பனிக்குடத்து நீரில் மிதக்கிறது. அதன் உடம்பு தாயின் உடம்பைவிட அரை டிகிரி அளவுக்கு அதிகச் சூடாக இருக்கும். குழந்தை வளர்கிறது. அதன் இதயம் ஓயாமல் துடிக்கிறது. இதனால் அதன் உடம்பில் சூடு உண்டாகிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு எங்கே போவது?

குழந்தைக்கு வியர்வை விட்டு ஆற்றிக்கொள்ள வழி இல்லை. விசிறிக்கொள்ளவும் வழி இல்லை. தொப்புள் கொடி வழியாக ரத்தம் நஞ்சுக்கு வருகிறது. அங்கே தாயின் ரத்தத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. குழந்தையின் சூட்டில் பெரும் பகுதி இப்படித்தான் வெளியேறுகிறது. தாயின் உடம்பு அந்தச் சூட்டைத் தோல் வழியாக வெளியே விடுகிறது.

ஆகவே தாயின் சூடு ஏறினால் குழந்தையின் சூடும் ஏறும். எப்போதும் தாயைவிடக் கொஞ்சம் மேலேயே நிற்கும். தாய்க்கு 38 என்றால் குழந்தைக்கு 38-க்கும் மேல். அப்போது குழந்தையின் இதயம் வேகமாக அடிக்கும். அதற்கு ஆக்சிஜன், அதாவது உயிர்க்காற்று, அதிகம் தேவைப்படும். பிரசவ வலியின்போது கருப்பை இறுகி இறுகி விடுகிறது. இறுகும் ஒவ்வொரு முறையும் குழந்தைக்குப் போகும் ரத்தம் கொஞ்ச நேரம் குறையும். தேவை கூடும் நேரத்தில் வரவு குறைகிறது. இதுதான் ஆபத்து.

திக்லிபூரில் மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை மழை. அந்த மாதங்களில் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வேலை செய்தால் வியர்வை ஊற்றும். ஆனால் காயாது. உடம்பு புழுங்கும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும் என்பது அங்கே எல்லோருக்கும் பட்டுத் தெரிந்த விஷயம். ஒருவர் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? நீருக்குள் இருக்கும் தோலில் வியர்வை காயவே முடியாது. சுற்றியுள்ள நீர் உடம்பைவிடச் சூடாக இருந்தால் உடம்பின் சூடு வெளியே போகாது. வெளியே உள்ள சூடு உள்ளே வரும்.

தண்ணீரில் பிரசவம்

வெந்நீரில் உட்கார்ந்தால் வலி குறையும் என்பது பழைய அனுபவம். முதுகு வலிக்கு நாமும் வெந்நீர் ஊற்றிக்கொள்கிறோம். பிரான்சு நாட்டில் ஒரு பெண் இரண்டு நாள் பிரசவ வலியால் துடித்தாள். பிறகு வெந்நீர்த் தொட்டியில் இறங்கினாள். அங்கேயே குழந்தை பிறந்தது. 1805-ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் இந்தச் செய்தி வெளியானது.

அதே நாட்டில் பிதிவியே என்ற சிற்றூரின் மருத்துவமனையில் மிஷேல் ஓதான் என்ற மருத்துவர் இருந்தார். 1970-களில் அவர் பிரசவ அறைக்கு அருகில் ஒரு தொட்டி வைத்தார். வலி பொறுக்க முடியாத பெண்கள் அதில் இறங்கலாம். வலி தணிந்ததும் ஏறிவிடலாம். சிலர் ஏற மனமில்லாமல் அதிலேயே பெற்றெடுத்தார்கள். இப்படிப் பிறந்த 100 குழந்தைகளைப் பற்றி 1983-இல் அவர் எழுதினார். அதன் பிறகு பல நாடுகளில் இந்த முறை பரவியது. இன்று இந்தியாவிலும் சில தனியார் மருத்துவமனைகளில் இது நடக்கிறது.

பரவும்போதே எச்சரிக்கையும் வந்தது. 1993-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களின் தாய்மார் வலியின்போது வெந்நீர்த் தொட்டியில் இருந்தவர்கள். குழந்தைகள் கடும் பாதிப்போடு பிறந்தன. நீரின் சூடு அதிகமாக இருந்ததே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயப்பட்டார்கள். அந்த ஐயம் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் அதன் பிறகு தொட்டித் தண்ணீரை அளந்து பார்க்கும் பழக்கம் வலுப்பட்டது.

இங்கிலாந்தின் அரசு வழிகாட்டி நெறி இப்படிச் சொல்கிறது. தொட்டி நீரின் சூடு 37.5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மணிக்கு ஒரு முறை நீரின் சூட்டை அளக்க வேண்டும். தாயின் உடம்புச் சூட்டையும் மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். தாயின் சூடு ஏறினால் அவரைத் தொட்டியிலிருந்து வெளியே வரச் சொல்ல வேண்டும்.

37.5 என்பது உடம்புச் சூட்டுக்கு மிக அருகில் உள்ள எண். அதாவது நீர் சுடவே கூடாது. கை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். ‘எவ்வளவு சூடு பொறுக்கிறாளோ அவ்வளவு நல்லது’ என்று சில வீடுகளில் சொல்வார்கள். அது சரியல்ல. நீர் அதிகம் சுட்டால் தாயின் ரத்தக் குழாய்கள் விரியும். ரத்த அழுத்தம் குறையும். எழுந்திருக்கும்போது தலை சுற்றும், மயக்கம் வரும். ஈரத் தரையில் கர்ப்பிணி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நீரில் இருப்பவருக்கு வியர்ப்பதே தெரியாது. அதனால் இடையிடையே குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நீர் ஆறிப்போனாலும் கெடுதல். தாய்க்குக் குளிரும், தசைகள் இறுகும், வலி கூடும். குழந்தை பிறக்கும் நேரத்தில் இது இன்னும் முக்கியம். வயிற்றுக்குள் குழந்தை மூச்சு விடுவதில்லை. பிறந்து முகத்தில் காற்றும் குளிர்ச்சியும் பட்டதும் முதல் மூச்சை இழுக்கிறது. குளிர்ந்த நீரில் பிறந்தால் அந்த முதல் மூச்சை நீருக்குள்ளேயே இழுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் அஞ்சுகிறார்கள். அதனால் பிறக்கும் நேரத்தில் நீர் 36-க்கும் 37.5-க்கும் இடையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். பிறந்த குழந்தையின் முகத்தை உடனே நீருக்கு மேலே கொண்டுவர வேண்டும். மேலே வந்த முகம் மறுபடி நீரில் அமிழவே கூடாது.

தொட்டியில் இருந்தால் பயன் உண்டா? உண்டு என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. 15 ஆய்வுகளில் பங்கு பெற்ற 3,663 பெண்களின் விவரங்களை 2018-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வலிக் காலத்தில் நீரில் இருந்த பெண்களில், முதுகில் மரப்பு ஊசி போட்டுக்கொண்டவர்கள் கொஞ்சம் குறைவாக இருந்தார்கள். ஆனால் நீருக்குள்ளேயே பெற்றெடுப்பதில் தனியாக நன்மை இருக்கிறதா என்பதில் மருத்துவர்கள் ஒத்துப்போகவில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு, வலிக் காலத்தில் நீரில் இருக்கலாம், பெற்றெடுப்பது தரையில் நடக்கட்டும் என்கிறது.

இதற்குக் காரணங்கள் இருக்கின்றன. தொட்டியும் குழாயும் சுத்தமாக இல்லாவிட்டால் வெதுவெதுப்பான நீரில் கிருமிகள் வளரும். குழந்தையை அவசரமாகத் தூக்கும்போது தொப்புள் கொடி அறுந்துவிடலாம். இன்னொன்று ரத்தம். தாய்க்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று தண்ணீரில் கலந்தபின் கணக்கிடுவது கடினம். நம் நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேர் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தெரிந்தது. ரத்தசோகை உள்ளவருக்குக் கொஞ்சம் ரத்தம் கூடுதலாகப் போனாலும் உயிருக்கு ஆபத்து. இரட்டைக் குழந்தை, தலை மேலே கால் கீழே என்று இருக்கும் குழந்தை, ரத்தக் கொதிப்பு உள்ள தாய், இவர்களுக்கெல்லாம் தண்ணீர்ப் பிரசவம் கிடையாது.

திக்லிபூரில் எப்படி?

திக்லிபூரில் அரசு சமுதாய நல மையம் இருக்கிறது. அங்கே முடியாத சிக்கல் என்றால் மாயாபந்தர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது சுமார் 80 கிலோமீட்டர். அதற்கும் மேல் என்றால் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை. அது போர்ட் பிளேரில் இருக்கிறது. அந்த நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சாலை வழியாக 300 கிலோமீட்டர் வரும். வழியில் ஜாரவா பழங்குடி மக்களின் காடு இருக்கிறது. அங்கே வண்டிகள் குறித்த நேரத்தில் ஒன்றுசேர்ந்துதான் போகும். மழை பெய்தால் பயணம் இன்னும் நீளும்.

இவ்வளவு தூரம் உள்ள ஊரில், வீட்டில் தொட்டி வைத்துத் தண்ணீர்ப் பிரசவம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. தொட்டிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் சுத்தமான நீர் வேண்டும். அதை மணிக்கணக்கில் ஒரே சூட்டில் வைத்திருக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சிக்கல் வந்தால் உடனே அறுவை செய்ய வசதி வேண்டும்.

2018 ஜூலை மாதம் திருப்பூரில் ஒரு வீட்டில் இணையத்தில் படம் பார்த்துப் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிழைத்தது. ரத்தப்போக்கு நிற்காமல் தாய் இறந்துபோனார். அது தண்ணீர்ப் பிரசவம் அல்ல, சாதாரணப் பிரசவம்தான். அதுவும் மருத்துவமனைகள் நிறைந்த ஊரில் நடந்தது.

தொட்டி இல்லாவிட்டாலும் வெதுவெதுப்பு கிடைக்கும். பிரசவ வலியின்போது இடுப்பிலும் முதுகிலும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைக்கலாம். முதுகை நீவிவிடலாம். இவற்றை உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் வெளியிட்ட நெறிமுறையில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தாய் விரும்பினால் செவிலியரைக் கேட்டுவிட்டு விளாவிய நீரை முதுகில் ஊற்றிக்கொள்ளலாம். துணியை முதலில் உடன் இருப்பவர் தன் முன்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். வலியில் இருப்பவருக்குச் சுடுவது உடனே தெரியாது.

பிறந்த நொடியில்

குழந்தை பிறந்ததும் நிலைமை தலைகீழாக மாறுகிறது. அதுவரை சூடு அதிகமாகிவிடுமோ என்பது கவலை. இனிமேல் சூடு போய்விடுமோ என்பது கவலை.

வயிற்றில் 37.5 டிகிரி சூட்டில் இருந்த குழந்தை வெளியே வருகிறது. அறையில் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது புழுக்கம். குழந்தைக்கு அது பத்து டிகிரி குறைவு. அதன் உடம்பெல்லாம் ஈரம். ஈரம் காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். துடைக்காமல் விட்டால் முதல் 20 நிமிடத்துக்குள் குழந்தையின் சூடு இரண்டு முதல் நான்கு டிகிரி இறங்கிவிடும். பெரியவர்களுக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கும். நடுக்கம் சூட்டை உண்டாக்கும். பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது. முதுகிலும் கழுத்திலும் உள்ள ஒருவகைக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்கிக்கொள்கிறது. அந்தக் கையிருப்பு சிறியது. எடை குறைந்த குழந்தைக்கு அதுவும் இருக்காது. குளிர்ந்த குழந்தை பால் குடிக்காது. ரத்தத்தில் சர்க்கரை குறையும். மூச்சு திணறும்.

‘இங்கே ஏது குளிர், எப்போதும் வெக்கைதானே’ என்று திக்லிபூரில் நினைக்கத் தோன்றும். அந்த நினைப்பால்தான் வெப்ப நாடுகளிலும் குழந்தைகள் குளிர்ந்துபோகின்றன. பிரசவ அறை 25 டிகிரிக்குக் குறையக் கூடாது. மின்விசிறியை நிறுத்த வேண்டும். பிறந்த குழந்தையை உடனே உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். நனைந்த துணியை எடுத்துவிட்டு வேறு துணி போட வேண்டும். தலையில் குல்லாய் போட வேண்டும். உடம்போடு ஒப்பிட்டால் குழந்தையின் தலை பெரியது. சூடு அதிகம் போவதும் அங்கேதான்.

பிறகு குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் படுக்க வைத்து மேலே போர்த்த வேண்டும். தாயின் தோல் சூட்டை விடாமல் கொடுக்கும். அதற்கு மின்சாரம் வேண்டாம், அடுப்பு வேண்டாம். 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர், கருவிகள் போதாத நிலையில் எடை குறைந்த குழந்தைகளைத் தாய்மாரின் மார்போடு கட்டி வைத்தார். கங்காரு குட்டியைச் சுமப்பதுபோல இருந்ததால் அதற்குக் கங்காரு முறை என்று பெயர் வந்தது. இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் அது உண்டு.

முதல் குளியல்

பிறந்த உடனே குழந்தையைக் குளிப்பாட்டும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குழந்தையின் மேல் மாவு அப்பியதுபோல ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். அதை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். அது அழுக்கு அல்ல. குழந்தையின் தோலைக் காக்கும் பூச்சு. முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டக் கூடாது. துடைத்தால் போதும். எடை குறைந்த குழந்தையை எப்போது குளிப்பாட்டலாம் என்று செவிலியரைக் கேட்க வேண்டும்.

அதன் பிறகு குளிப்பாட்டும்போது நீரின் சூடு 37 அல்லது 38 டிகிரி இருக்க வேண்டும். மறுபடியும் அதே எண்தான். பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு ஆவி பறக்க ஊற்றுவார்கள். ஆவி பறக்கும் நீர் குழந்தைக்கு ஆகாது. அடுப்பில் பாத்திரம் இறக்கிப் பழகிய கை காய்த்துப்போயிருக்கும். அந்தக் கைக்கு 45 டிகிரி நீரும் இதமாகத்தான் தெரியும். குழந்தையின் தோல் மிக மெல்லியது. 60 டிகிரி நீர் பெரியவர்களின் தோலையே சில நொடிகளில் வேக வைத்துவிடும்.

தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் என்ன செய்வது? ஒரு கணக்கு உதவும். கிணற்று நீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கொதிக்கும் நீர் 100. ஒரு செம்பு கொதிநீரில் இரண்டு செம்பு கிணற்று நீர் விளாவினால் 52 டிகிரி வரும். அது சுட்டுவிடும். நான்கு செம்பு விளாவினால் 42. அதுவும் குழந்தைக்கு அதிகம். ஆறு செம்பு விளாவினால் 38. ஏழு செம்பு விளாவினால் 37. ஒன்றுக்கு ஏழு என்று சொன்னால் பல பேர் நம்புவதில்லை. விளாவிப் பார்த்தால் தெரியும்.

மழைக்காலத்தில் நீர் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும். பாத்திரமும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்ளும். அதனால் கணக்கோடு நிறுத்தாமல் சோதித்தும் பார்க்க வேண்டும். உள்ளங்கையால் அல்ல, முழங்கையால். முழங்கையின் உள்பக்கத் தோல் மெல்லியது. அங்கே சுடவும் கூடாது, குளிரவும் கூடாது. பாத்திரத்தில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டு அதன் பிறகு சுடுநீரை ஊற்ற வேண்டும். நன்றாகக் கலக்கிவிட வேண்டும். கலக்காவிட்டால் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக நிற்கும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் குழந்தையைத் தூக்கி வர வேண்டும்.

பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிக்கு ஊற்றும் வெந்நீருக்கும் கவனம் வேண்டும். நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சி, ‘உறைக்கட்டும், அப்போதுதான் உடம்பு இறுகும்’ என்று ஊற்றுவார்கள். இலை போடுவது அவரவர் வழக்கம். ஆனால் அவளும் ரத்தம் இழந்தவள். மிகச் சுடும் நீரில் அவளுக்குத் தலை சுற்றும். தையல் போட்ட இடம் வெந்துபோகும். இதமான சூடு போதும். முதல் சில நாள் குளிக்கும்போது கதவைத் தாழிடாமல், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

குழந்தையின் குளியல் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். காற்று வீசும் இடத்தில் குளிப்பாட்டக் கூடாது. நடுவில் நீர் ஆறிவிட்டால் குழந்தையைத் துண்டில் சுற்றி வேறு ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். அதன் பிறகு சுடுநீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி முழங்கையை வைத்துப் பார்க்க வேண்டும்.